ஞாயிறு தந்த ஊர், இடமும் தரட்டும்

ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதி வாரத்தில் ஆறு நாட்கள் வங்கிக்காரர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் சொந்தம். ஞாயிறு காலையில் அது கைமாறிவிடும். சேட்டர் சாலையில் வாகனப் போக்குவரத்து நிறுத்தப்பட, பிலிப்பைன்ஸ் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரிப்பார்கள். ஓரங்களை நிமிர்த்தி டேப் ஒட்டினால் முழங்கால் உயரச் சுவர். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தச் சுவருக்குள் ஒருவர் தோழிக்கு நகம் வெட்டிவிடுவார், இன்னொருவர் ஊரில் இருக்கும் மகனின் வீட்டுப்பாடத்தை வீடியோ அழைப்பில் பார்த்துத் திருத்துவார், வேறொருவர் அசந்து தூங்குவார். நடுவில் சோற்றுப் பாத்திரம்.

மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு வீட்டுப் பணியாளர்கள் ஹாங்காங்கில் இருக்கிறார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் பிலிப்பைன்ஸ்காரர்கள். ஏறத்தாழ 2 லட்சம் பேர். வேலைக்கு ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1974-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் மூலம் அரசின் கொள்கையாகவே ஆக்கிய நாடு பிலிப்பைன்ஸ். அதிபர் கொரசோன் அகினோ 1988-இல் ஹாங்காங் வந்து, இந்தப் பெண்களைப் புதிய வீராங்கனைகள் என்று புகழ்ந்துவிட்டுப் போனார். வெளிநாடுவாழ் பிலிப்பைன்ஸ் மக்கள் வங்கி வழியாக 2024-இல் ஊருக்கு அனுப்பிய பணம் 3,400 கோடி டாலருக்கும் மேல். அந்தப் பணத்தைப் பற்றி எழுதாத பொருளாதார ஏடு கிடையாது. அதை அனுப்புகிறவர்கள் எதைச் சாப்பிடுகிறார்கள், யாரோடு பேசிச் சிரிக்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்பதும் அதே அளவு முக்கியமான செய்திதான்.

ஹாங்காங் சட்டத்தில் ஒரு நல்ல விஷயம் உண்டு. ஏழு நாளுக்கு ஒரு நாள், தொடர்ச்சியாக 24 மணி நேரம், கட்டாய ஓய்வு. அந்த நாளில் வற்புறுத்தி வேலை வாங்கும் முதலாளிக்கு 50,000 ஹாங்காங் டாலர் வரை அபராதம் விதிக்கலாம். சிங்கப்பூர் வீட்டுப் பணியாளர்களுக்கான வார ஓய்வை 2013-இல்தான் விதியாக்கியது. அதைப் பணம் கொடுத்து ஈடுகட்டிக்கொள்ள வழி இருந்ததால், மாதத்தில் ஒரு நாளையாவது விட்டே ஆக வேண்டும் என்று 2023-இல் மறுபடி திருத்த வேண்டியிருந்தது. தமிழ்ப் பெண்கள் பலர் வீட்டுவேலைக்குப் போகும் குவைத்தில் இதற்கான சட்டம் 2015-இல் வந்தது. இவற்றோடு ஒப்பிட்டால் ஹாங்காங் முன்னே நிற்கிறது.

நாளைக் கொடுத்த அந்த ஊர், இடத்தைக் கொடுக்கவில்லை. முதலாளி வீட்டிலேயே தங்கியாக வேண்டும் என்ற விதி 2003 முதல் கட்டாயம். அதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கை 2018-இல் உயர் நீதிமன்றமும், 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தள்ளுபடி செய்தன. நெருக்கடியான அந்த அடுக்ககங்களில் தனி அறை கிடைத்தவர் பாக்கியசாலி. பலருக்குக் குழந்தையின் அறையில் ஒரு கட்டில், சிலருக்குச் சமையலறை ஓரம். ஓய்வு நாளில் வீட்டுக்குள் இருந்தால் ஏதாவது ஒரு வேலை வந்து சேரும். அதனால்தான் விடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். நடைபாதையில் அவர்கள் உட்காருவது விருப்பத்தால் அல்ல.

சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். வாரம் முழுவதும் இன்னொரு குடும்பத்தின் நாக்குக்குச் சமைக்கிறவர், தன் ஊர்ச் சமையலுக்கு ஞாயிறு வரை காத்திருக்க வேண்டும். முதலாளி சாப்பாடு போடாவிட்டால் மாதம் 1,236 ஹாங்காங் டாலர் படி தர வேண்டும் என்பது 2023-க்குப் பிந்தைய ஒப்பந்தங்களின் கணக்கு. நாளுக்கு 41 டாலர். அந்த ஊர் விலைவாசியில் சாதாரண உணவகத்தில் ஒரு வேளை சாப்பிட்டாலே கரைந்துவிடும்.

நடைபாதை விருந்தில் அடோபோ அடிக்கடி வருவதற்குக் காரணம் ருசி மட்டுமல்ல. கோழியையோ பன்றி இறைச்சியையோ வினிகர், சோயா சாஸ், நசுக்கிய பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை சேர்த்து மூடி வேகவைக்கும் குழம்பு அது. புளிப்பு ஏறியிருப்பதால் எளிதில் கெடாது. சனிக்கிழமை இரவு, வீட்டார் சாப்பிட்டுப் பாத்திரமெல்லாம் கழுவி முடித்த பிறகு செய்து வைத்தால் மறுநாள் மதியம் இன்னும் நன்றாக இருக்கும். புளி கரைத்து, முள்ளங்கியும் கீரையும் மீனும் போட்டுக் கொதிக்கவைக்கும் சினிகாங்கை அப்படித் தூக்கிவர முடியாது. சுடச்சுடக் குடிக்க வேண்டிய ரசம் அது, அடுப்பு வேண்டும். அதற்குப் பல மாதம் ஏங்குகிறவர்கள் உண்டு. பிறந்தநாள் வந்தால் பன்சித் என்னும் நூடுல்ஸ் கட்டாயம். இழை நீளமாக இருந்தால் ஆயுள் நீளும் என்பது நம்பிக்கை, அதனால் உடைக்க மாட்டார்கள். மேலே பிழிய கலமான்சி என்ற குட்டி எலுமிச்சையும் வேண்டும்.

இந்தப் பட்டியலில் கருவாடுதான் பெரிய பிரச்சினை. பூண்டு போட்டு வதக்கிய சோறும் பொரித்த கருவாடும் பிலிப்பைன்ஸ் கிராமத்தின் காலை உணவு. மூடிய ஜன்னல்களும் குளிர்சாதனமும் உள்ள முதலாளி வீட்டில் அதைப் பொரித்தால் என்ன நடக்கும் என்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. சென்னையில் வாடகை வீடு தேடிய அனுபவமே போதும். சேட்டர் சாலையை ஒட்டியிருக்கும் வேர்ல்டு வைட் ஹவுஸ் கட்டடத்தின் சின்னக் கடைகளில் அந்தக் கருவாடும் இறால் விழுதும் ஊர் பிஸ்கட்டும் கிடைக்கின்றன. பக்கத்திலேயே பணம் அனுப்பும் கடைகள். 1975-இல் ஐஸ்கிரீம் கடையாகத் தொடங்கி இன்று உலகெங்கும் பரவிய பிலிப்பைன்ஸ் உணவகமான ஜாலிபீயில், கோழி வறுவலுக்குச் சோறும் குழம்பும் தருகிறார்கள். சம்பளம் வந்த வாரத்தில் அங்கே வரிசை வாசல் தாண்டி நிற்கும்.

இந்தச் சாப்பாட்டைச் சுற்றித்தான் நட்பு வளர்கிறது. யார் எங்கே உட்காருவது என்பது ஏறக்குறைய நிரந்தரம். இலோகோஸ் பக்கத்துப் பெண்களுக்கு ஓர் இடம், இலோஇலோக்காரர்களுக்கு ஓர் இடம். புதிதாக வந்த பெண்ணை அக்கா முறையில் ஒருத்தி கூட்டிவந்து வட்டத்தில் சேர்ப்பாள். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்காதே, சம்பளத்துக்கு ரசீது வாங்கு என்ற முதல் பாடங்கள் அங்கேதான் நடக்கும். மாதச் சீட்டும் உண்டு. பலுவாகன் என்று பெயர். பத்துப் பேர் சேர்ந்து பணம் போட்டு, முறை வைத்து ஒருவர் எடுத்துக்கொள்வது. ஒருத்தியின் முறை வந்தால் தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம், இன்னொருத்திக்கு வீட்டுக்கூரை. பிலிப்பைன்ஸுக்குக் கப்பலில் அனுப்பும் பெரிய பெட்டிக்குக் கட்டணம் எடைக்கு அல்ல, அளவுக்கு. அதனால் சோப்பு, டின் இறைச்சி, காலணி, சாக்லேட் என்று இண்டு இடுக்கு விடாமல் அடைத்து, இரண்டு தோழிகள் மூடிமேல் ஏறி உட்கார, மூன்றாமவள் டேப் ஒட்டுவாள்.

எல்லாம் இனிப்பு என்று எழுதினால் பொய்யாகிவிடும். தோழியின் கடனுக்குப் பெயர் கொடுத்து, அவள் ஊருக்குப் போய்விட, வசூல்காரர்கள் முதலாளி வீட்டுக்கே போன் செய்து வேலையை இழந்தவர்கள் உண்டு. ஒப்பந்தம் இரண்டு ஆண்டு. இடையில் முறிந்தால் பொதுவாக இரண்டு வாரத்துக்குள் ஊரைவிட்டுப் போக வேண்டும். பத்து ஞாயிறு சேர்ந்து சாப்பிட்ட தோழி பதினோராவது ஞாயிறு இல்லாமல் போவது அங்கே சாதாரணம். அப்படித் திக்கற்று நிற்கிறவர்களுக்கு 1986 முதல் தங்க இடம் தருவது பெத்யூன் இல்லம் என்ற காப்பகம். அந்த விலாசத்தையும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

இந்த ஒரு நாளில் இவர்கள் ஆக்கிக் காட்டியவை ஏராளம். விடுப்பு நாளில் அழகிப் போட்டி நடத்தி, வேலையிழந்தவர்களுக்கு உதவப் பணம் திரட்டும் பெண்களைப் பற்றி பேபி ரூத் வில்யரமா எடுத்த 'சண்டே பியூட்டி குயின்' ஆவணப்படம், 2016 மெட்ரோ மணிலா திரைப்பட விழாவில் வணிகப் படங்களைப் பின்னுக்குத் தள்ளிச் சிறந்த பட விருதை வென்றது. வீட்டுவேலை செய்துகொண்டே கேமராவைத் தூக்கிய சைசா குரூஸ் பகானி இன்று உலகறிந்த புகைப்படக் கலைஞர்.

ஆனாலும் ஊர் இவர்களை வேண்டாத கூட்டமாகவே பார்த்துவந்திருக்கிறது. ஞாயிறுகளில் வாகனம் வராமல் சேட்டர் சாலையை மூடும் வழக்கம் 1982-இல் வந்தது. பத்தே ஆண்டில், சாலையைத் திறந்துவிட்டு இவர்களை வேறிடத்துக்கு மாற்றலாம் என்று பேச்சு எழுந்தது. நிலத்தடிக் கார் நிறுத்தங்கள்கூடப் பரிந்துரைக்கப்பட்டன. 2021-இல் பணிப்பெண்கள் அனைவருக்கும் கட்டாயக் கொரோனா பரிசோதனை என்று அரசு அறிவித்தது. அவர்கள் வேலை செய்த வீட்டாருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2013-இல் நகரின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம், எத்தனை ஆண்டு வேலை செய்தாலும் இவர்களுக்கு நிரந்தர வசிப்புரிமை கேட்கும் தகுதி இல்லை என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்த பெண் 1986 முதல் அங்கே வேலை செய்தவர்.

வீட்டில் தங்கும் ஆள்தான் வேண்டும் என்று கேட்கும் முதலாளிகளின் தேவை உண்மையானது. இரவில் அழும் குழந்தையும் படுக்கையில் இருக்கும் முதியவரும் காத்திருக்க மாட்டார்கள். வாடகை வானத்தில் நிற்கும் ஊரில் வெளியே தங்கச் செலவு அதிகம் என்பதும் உண்மை. அதற்காக எல்லாரையும் ஒரே விதியில் கட்ட வேண்டுமா? முதலாளியும் பணியாளரும் சம்மதித்தால் வெளியே தங்கலாம் என்று விட்டுவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. நாலு பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்தாலே சொந்த அடுப்பில் சினிகாங் கொதிக்கும்.

அதற்கு நாளாகும் என்றால், இன்றே செய்யக்கூடிய இன்னொன்று இருக்கிறது. ஞாயிறுகளில் பூட்டிக் கிடக்கும் அரசுப் பள்ளிகள் ஊர் முழுக்க இருக்கின்றன, சமூகக் கூடங்களும் உண்டு. அவற்றை இவர்களுக்குத் திறந்துவிட்டால் போதும். கூரை, கழிப்பறை, குடிநீர், கைகழுவும் இடம், இரண்டு அடுப்பு. தொண்டு அமைப்புகள் நடத்தும் சில மையங்கள் இதைச் சிறிய அளவில் செய்துவருகின்றன. 2 லட்சம் பேருக்கு அது எந்த மூலைக்கு? சேட்டர் சாலையையும் அவர்களிடமிருந்து பறிக்கக் கூடாது. மழையிலும் புயல் எச்சரிக்கையிலும் ஒதுங்க இன்னோர் இடம் வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

பிலிப்பைன்ஸ் அரசுக்கும் பொறுப்பு உண்டு. வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கையை அது 2012-இல் ஏற்றது. மறு ஆண்டே உள்நாட்டுப் பணிப்பெண்களுக்கு வார ஓய்வைச் சட்டமாக்கியது. இந்தியா அந்த உடன்படிக்கையை இன்னும் ஏற்கவில்லை. சொந்த ஊரில் அதைச் செய்து காட்டிய மணிலாவுக்கு ஹாங்காங்கிடம் பேச முழுத் தகுதி உண்டு. வீட்டுப் பணியாளர்களின் குறைந்தபட்ச ஊதியத்தை ஹாங்காங் அரசு ஆண்டுதோறும் மறுஆய்வு செய்கிறது. 2024-இல் அது மாதம் 4,990 ஹாங்காங் டாலர் ஆனது. அடுத்த மறுஆய்வின்போது தங்குமிட விதியையும் ஞாயிற்றுக்கிழமைக் கூடங்களையும் சேர்த்தே பேச வேண்டும் என்று மணிலா எழுத்தில் கேட்கட்டும்.