ஊருக்கொரு நைவேத்தியம், ஸ்டாலில் ஒரே லட்டு

மண்ணச்சநல்லூர் என்றாலே திருச்சிக்காரர்களுக்கு அரிசி ஆலைகளும் பொன்னி அரிசியும்தான் நினைவுக்கு வரும். அதே வட்டத்தில் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது சமயபுரம். மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கினால் மாரியம்மனுக்கு 28 நாள் பச்சைப் பட்டினி விரதம். அம்மனுக்காக பக்தர் பட்டினி கிடப்பது ஊருலக வழக்கம். பக்தருக்காக அம்மன் பட்டினி கிடப்பது சமயபுரத்து வழக்கம். அந்த நாட்களில் சமைத்த தளிகை கிடையாது. துள்ளுமாவு, பானகம், நீர்மோர், இளநீர், அவ்வளவுதான்.

துள்ளுமாவில் பெரிய வித்தை எதுவும் இல்லை. பச்சரிசியை ஊறவைத்து வடித்து, துணியில் பரப்பி, ஈரம் முழுதும் போவதற்குள் இடிக்க வேண்டும். சலித்த மாவில் பொடித்த வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பிசிறினால் முடிந்தது. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும், விட்டால் உதிரும். அடுப்பே பற்றவைக்காத இனிப்பு. பங்குனி வெயிலில் பாதயாத்திரை வந்தவர் வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஒரு தம்ளர் பானகம் குடித்தால் போதும், களைப்பு ஓடிவிடும்.

திருச்சி வட்டாரத்தில் இப்படி ஒவ்வொரு சாமிக்கும் தனித் தித்திப்பு உண்டு. விநாயகர் சதுர்த்தியன்று மலைக்கோட்டையில் 150 கிலோ கொழுக்கட்டை படைக்கிறார்கள். அடிவாரத்து மாணிக்க விநாயகருக்குப் பாதி, உச்சிப் பிள்ளையாருக்குப் பாதி. பச்சரிசி மாவு, வெல்லம், தேங்காய், எள், ஏலக்காய், நெய் எல்லாம் சேர்த்து முதல் நாளே வேகவைக்கத் தொடங்கிவிடுவார்கள். உச்சிப் பிள்ளையாரின் பங்கைத் தூளியில் கட்டித் தோளில் சுமந்துதான் படியேற்றுகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் பெரிய பெருமாளுக்கு இரவில் வெல்லமும் நெய்யும் சேர்ந்த அரவணை. அங்கே தளிகைக்கு இன்றும் மண்பானைதான். காவிரிக் கரையோடு கிழக்கே போனால் கோவிலடி அப்பக்குடத்தான் கோயில். பெயரே சொல்கிறது, பெருமாளுக்கு இரவுதோறும் அப்பம்.

இத்தனை ருசிகள் இருக்கும் வட்டாரத்தில், வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர் பையில் வாங்கிப் போவது என்ன? பெரும்பாலும் லட்டு, முறுக்கு, அதிரசம். எந்த ஊர்க் கோயில் ஸ்டாலிலும் கிடைக்கிற அதே பொட்டலம். கோயில் பெயர் அச்சடித்த பையை மாற்றிவிட்டால் எந்தச் சாமியின் பிரசாதம் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஸ்டால்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. பல கோயில்களில் பிரசாதக் கடை உரிமம் ஏலத்தில் போகிறது. பெரிய தொகை கட்டி எடுத்தவர் நாலு நாள் கெடாமல் நிற்கும் பண்டத்தைத்தான் விற்பார். ஈரமாவை நம்பி எந்த வியாபாரி ஏலம் கேட்பார்?

கூட்டம் அதிகம், தல நைவேத்தியத்தை எல்லாருக்கும் செய்து கொடுக்க முடியாது என்பார்கள். பழனி அதற்குப் பதில் சொல்லிவிட்டது. அங்கே மலைவாழை, நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய் சேர்ந்த பஞ்சாமிர்தத்தைக் கோயில் நிர்வாகமே இயந்திரம் வைத்துத் தயாரித்து விற்கிறது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊருக்கென்று ஒரு ருசி இருந்தால் அதற்குக் கூட்டமும் இருக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

பெரிய அளவில் செய்தால் கண்காணிப்பும் வேண்டும், அதில் மறுபேச்சில்லை. 2024இல் திருப்பதி லட்டின் நெய்யைப் பற்றி எழுந்த சர்ச்சை உச்ச நீதிமன்றம் வரை போனது. துள்ளுமாவுக்கு நெய்கூட வேண்டாம். நல்ல பச்சரிசியும் கலப்படமில்லாத வெல்லமும் போதும். அரிசிக்கு எங்கே போவது என்று மண்ணச்சநல்லூர் வட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

லட்டை நிறுத்தச் சொல்லவில்லை, குழந்தைகள் விடாது. ஆனால் அந்தந்தத் தலத்துக்கு உரிய ஒரு நைவேத்தியத்தை ஏலத்திலிருந்து விலக்கி, கோயில் பொறுப்பிலேயே செய்து, தொன்னையில் சிறு விலைக்கு பக்தர்களுக்குத் தர வேண்டும். என்ன சேர்த்தார்கள், எப்போது செய்தார்கள் என்று பக்கத்தில் ஒரு பலகையும் வைக்கலாம். இந்து சமய அறநிலையத் துறை அடுத்த பிரசாத ஸ்டால் ஏல அறிவிப்பிலேயே இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கட்டும். பச்சைப் பட்டினி நாட்களில் சமயபுரத்திலிருந்தே தொடங்கலாம்.