லட்சமும் கோடியும்

நாவல் எழுதுகிறவனுக்குக் காமிரா விவகாரத்தில் என்ன வேலை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பக்கங்களை எண்ணிப் பார்த்து நாவலின் தரத்தை நிர்ணயிக்கிற புண்ணியவான்களிடம் பல வருஷம் அகப்பட்டுத் தவித்தவன் நான். அதே வியாதி வேறொரு தொழிலில் புகுந்து, ஒரு குடும்பத்தின் வளையலைக் கொண்டுபோனதைக் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருப்பது நியாயமாகப் படவில்லை.

திருத்தணி மலை அடிவாரத்தில் எனக்கு ஒரு போட்டோக்கார நண்பர் உண்டு. மொட்டையடித்த குழந்தை, புதுமணத் தம்பதி, காவடி எடுத்து வந்த தாத்தா, இவர்களையெல்லாம் நிறுத்திப் படம் பிடிப்பார். அவர்கள் 365 படி ஏறி, சுவாமி தரிசனம் செய்து, இறங்கி வருவதற்குள் பிரிண்ட் தயாராகிவிடும். அவர் வாங்கிய முதல் டிஜிட்டல் காமிரா நிக்கான் டி-40. 2006 நவம்பரில் அறிவிக்கப்பட்ட மாடல்; படத்துக்கு 61 லட்சம் புள்ளி. நான்கு மாதம் முடிவதற்குள், 2007 மார்ச்சில், ஏறக்குறைய அதே உடம்பில் ஒரு வால் முளைத்து டி-40 எக்ஸ் வந்தது. அதற்கு 1 கோடியே 2 லட்சம் புள்ளி.

லட்சம் எங்கே, கோடி எங்கே! லட்சாதிபதி வந்தால் நாற்காலி போடுகிற நம் ஜனங்கள், கோடீஸ்வரர் வந்தால் தாங்களே எழுந்து நிற்பார்கள். காமிராவிலும் அதே மரியாதைதான்.

"எத்தனை மெகாபிக்சல்னு கேக்கறாங்க சார். ஆறுன்னா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு அடுத்த ஆளுகிட்ட போயிடறாங்க" என்றார் நண்பர். அவர் மனைவியின் வளையல் இரண்டும் அடகுக் கடைக்குப் போயின. பத்து வந்தது. பழைய ஆறை நான் மலிவாக வாங்கிக்கொண்டேன். சில வருஷங்களில் எல்லார் கையிலும் அலைபேசி வந்துவிட்டது, தொழில் படுத்தது. கோடீஸ்வரக் காமிராவும் பீரோவுக்குள் படுத்துக்கொண்டது. வளையல் மட்டும் திரும்பி வரவில்லை.

சென்ற ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு காமிராவையும் எடுத்துக்கொண்டு நானும் அவரும் கிளம்பினோம். அன்றைக்குச் செய்திருக்க வேண்டிய பரீட்சையை இன்றைக்காவது செய்துவிடுவது என்று உத்தேசம். ஒரே லென்ஸை இரண்டிலும் மாற்றி மாற்றிப் பொருத்தினோம். படிகளிலும் தெருவிலும் மட்டுமே படம் எடுத்தோம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஆறின் படம் அகலத்தில் 3008 புள்ளி, உயரத்தில் 2000. பத்தின் படம் 3872க்கு 2592. மொத்தத்தில் 67 சதவீதம் அதிகம் என்று கடைக்காரர் சொன்னது பொய்யல்ல. ஆனால் நுணுக்கம் என்பது நீளக் கணக்கு. அதில் வித்தியாசம் 29 சதவீதந்தான். மனையின் பரப்பு இரட்டிப்பானால் வாசலின் அகலமும் இரட்டிப்பாகிவிடுமா?

அந்த 29 சதவீதமாவது கண்ணுக்குத் தெரிகிறதா? நல்ல கண்ணானாலும், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்குக் கீழே பிரித்தறியாது. படத்தைக் கையில் பிடித்து 40 சென்டிமீட்டர் தூரத்தில் பார்த்தால், அங்குலத்துக்குச் சுமார் 220 புள்ளியோடு கண்ணின் சாமர்த்தியம் தீர்ந்துபோகிறது. 12 அங்குல அகலத்துக்குப் பிரிண்ட் போட்டால் ஆறு கொடுப்பது 250; பத்து கொடுப்பது 322. வயிறு நிறைந்தவன் இலையில் மேலும் நாலு லட்டு வைத்த கதை!

பத்துக்கு ஒரு பெருமையும் இல்லையென்று நான் சொல்லவில்லை. அடிவாரத்திலிருந்து மலையைப் படமெடுத்து, அதில் ஒரு மூலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியபோது, ஆறில் குழம்பிப் போயிருந்த கைப்பிடிக் கம்பிகள் பத்தில் தனித்தனியாகத் தெரிந்தன. சுவரை அடைக்கிற அளவுக்குப் படம் போடுகிறவர்களுக்கும் பத்துதான் உகந்தது. என் நண்பரிடம் அப்படிப் படம் கேட்டவர்கள் எத்தனை பேர்? ஒருவருமில்லை.

உச்சிவேளையில் நடந்ததுதான் வேடிக்கை. மயில் காவடி தூக்கி வருகிறவரின் முகம் காவடியின் நிழலில் இருண்டு கிடக்கும். வெளியே வெயில் கொளுத்தும். ஃபிளாஷ் போட்டால்தான் முகம் தெரியும். ஃபிளாஷின் வெளிச்சம் கண் சிமிட்டும் நேரம்கூட நிற்பதில்லை. ஆகவே ஷட்டரை எவ்வளவு வேகமாக மூடுகிறோமோ, அவ்வளவுக்கு வெயில் வெளியே நிற்கும், ஃபிளாஷ் உள்ளே வந்துவிடும். ஃபிளாஷோடு சேர்ந்து ஆறின் ஷட்டர் விநாடியில் 500இல் ஒரு பங்கு வரை போகும். பத்தின் ஷட்டர் 200இல் ஒரு பங்கோடு நின்றுவிடும். கொளுத்துகிற வெயிலில் பத்தின் ஃபிளாஷ் ஒரு மீட்டர் எட்டினால், ஆறின் ஃபிளாஷ் ஒன்றரை மீட்டராவது எட்டியது. அடிவாரத்துப் போட்டோக்காரருக்கு வேண்டியது அந்த அரை மீட்டர்தான். அந்தச் சங்கதி புள்ளிக் கணக்கில் இல்லாததால், யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ராத்திரி தெரு வெளிச்சத்தில் எடுத்த படங்களைக் கணினியில் ஏற்றி, மூக்கை ஒட்டவைத்துப் பார்த்தால் பத்தில் மணல் தூவினாற்போல் இருந்தது. ஒரே அளவில் பிரிண்ட் போட்டதும் அந்த வித்தியாசமும் போன இடம் தெரியவில்லை.

காமிராவின் பெயர் குறிக்காமல் பன்னிரண்டு பிரிண்டுகளைக் கலைத்து நண்பரிடம் நீட்டினேன். ஆறுக்குச் சரியாகச் சொன்னார். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் தேறியிருக்கும். அவர் மனைவி எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்தார். "இதுல அந்தத் தாத்தாவோட கண்ணு தெரியுது" என்றார். உச்சிவேளையில் ஆறில் எடுத்த காவடிப் படம் அது.

விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "இதை அன்னிக்கே போட்டுக் காட்டியிருக்கலாமே அண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

என்ன பதில் சொல்வது? அன்றைக்கு அவர் யோசனை கேட்டபோது, ஆறைவிடப் பத்து பெரிதுதானே என்று தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். பழைய காமிரா மலிவாகக் கிடைக்கிறதே என்ற சபலம் அந்தத் தலையாட்டலில் எவ்வளவு இருந்தது என்று இன்றுவரை எனக்கே நிச்சயமில்லை.

இன்றைக்கு வியாதி இரண்டு கிளைவிட்டிருக்கிறது. 20 கோடிப் புள்ளி என்று அலைபேசி விற்கிறார்கள். அவை சாதாரணமாகப் பதினாறு புள்ளியை ஒன்றாக்கி, ஒன்றேகால் கோடியாகத்தான் படம் தருகின்றன. மறுபுறம், பழைய காமிராக்களில் இருக்கும் சி.சி.டி. தகட்டின் நிறம் இனி வராது என்று சொல்லி, இளைஞர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள். தகட்டுக்கு நிறமே தெரியாது, ஐயா! அதன்மேல் பதித்த சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளும், காமிரா போடுகிற கணக்கும் சேர்ந்துதான் நிறத்தை உண்டாக்குகின்றன. புதிதென்று கும்பிடுவதும் பழசென்று கும்பிடுவதும் ஒரே மூடபக்திதான்.

காமிராக்களை ஒப்பிடவே வேண்டாம் என்பது என் கட்சியல்ல. ஒழுங்காக ஒப்பிடுங்கள் என்கிறேன். எந்த அளவில் படத்தை மாட்டப் போகிறீர்களோ அந்த அளவில் பிரிண்ட் போடுங்கள். எந்த வெளிச்சத்தில் உங்கள் பிழைப்பு நடக்கிறதோ அந்த வெளிச்சத்தில் எடுங்கள். பெயரை மறைத்துவிட்டு, வளையலைக் கழற்றப் போகிறவரிடம் முதலில் காட்டுங்கள். பிரிண்ட் செலவு சில நூறு ரூபாய்தான். அந்தச் சில நூறு ரூபாயை 2007இல் நாங்கள் செலவழிக்கவில்லை.