மூன்று கியர் போதும்

பழைய ஜீப்பின் கியர்பாக்ஸ் கைவிட்டால் எதைப் பொருத்துவது? நகரத்து ஜீப் ஆர்வலர்களைக் கேட்டால் விடை தயாராக இருக்கிறது: பிற்கால வண்டியிலிருந்து கழற்றிய நான்கு கியர் பெட்டி. நமக்கு இதில் உடன்பாடு இல்லை.

நாம் சொல்வது வில்லிஸ் சிஜே-3பி வகையைப் பற்றி. அமெரிக்காவில் 1953 முதல் 1968 வரை உருவான வண்டி. 1947இல் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கிய மகிந்திரா நிறுவனம், இவ்வகையை அங்கே நின்றுபோன பிறகும் நெடுங்காலம் இங்கே செய்துவந்தது. அதன் கியர்பாக்ஸுக்கு டி-90 என்று பெயர். மூன்றே கியர்கள். முதல் கியருக்கு ஒத்திசைவு வளையம் கிடையாது. வண்டி நின்றால்தான் அது சத்தமின்றி விழும்; ஓட்டத்தில் போட வேண்டுமானால் கிளட்சை இருமுறை மிதிக்கும் பழைய வித்தை தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவது கியர் வந்தால் வேகம் கூடும் என்பது பரவலான மயக்கம். டி-90இன் மூன்றாவது கியரே 1:1. வழக்கமான நான்கு கியர் பெட்டிகளின் கடைசிக் கியரும் அதே 1:1. வண்டியைப் பிடித்து வைத்திருப்பது பின் அச்சின் 5.38 என்னும் விகிதம். நான்கு கியர் தருவது வேகத்தை அல்ல, கீழே இன்னும் ஒரு படியை. ஜீப்பில் அந்தப் படி ஏற்கெனவே இருக்கிறதே! முதல் கியர் 2.8, டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ்நிலை 2.46, அச்சு 5.38, பெருக்கினால் ஏறக்குறைய 37. பாறை ஏற இது போதாதா?

இன்னொன்று: சக்கர இடைவெளி வெறும் 80 அங்குலம். நீளமான பெட்டியை வைத்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னுக்குத் தள்ளப்படும். பின்புற ஷாஃப்டை வெட்ட வேண்டும், முன்புறத்ததை நீட்ட வேண்டும். ஏற்கெனவே குட்டையான பின் ஷாஃப்ட் மேலும் சாய்ந்து நின்று அதன் கிராஸ்களைத் தின்னும். தார்ச்சாலையில் பாரம் ஏற்றி மலையேறுபவர் நிலை வேறுதான். உலர்ந்த தார்ச்சாலையில் நாற்சக்கர இயக்கத்தைப் போடலாகாது, அது இல்லாமல் தாழ்நிலையும் கிடைக்காது. அவர்கள் நான்கு கியர் கேட்பதில் நியாயம் உண்டு.

சிதைந்த இடத்தை அதே நூலின் வேறொரு சுவடிகொண்டு நிரப்புவது பதிப்பு. தன் பாட்டைச் செருகுவது வேறு காரியம். தமிழாசிரியப் புத்தி இப்படித்தான் போகிறது, பொறுத்தருள்க. ஆக, பழைய டி-90ஐயே தேடிப் பிடிப்போம். ஆனால் சுவடியைப் பிரித்துப் படிக்காமல் வாங்கலாமா? நாம் அதைத்தான் செய்தோம்.

நண்பரின் ஜீப்புக்கு ஒரு பெட்டி கிடைத்தது. "ஓடின வண்டியில கழட்டினதுங்க" என்றார் விற்றவர். கையால் சுழற்றினோம், வழுக்கிக்கொண்டு சுழன்றது. விலையும் படிந்தது. இரண்டு நாள் பாடுபட்டுப் பொருத்தினோம். மலையிறக்கத்தின் முதல் கொண்டை ஊசி வளைவில், இரண்டாவது கியரில் இருந்த தண்டு தானாகவே துள்ளி நியூட்ரலுக்கு வந்தது. என்ஜினின் பிடி போயிற்று; எஞ்சியது நான்கு டிரம் பிரேக்குகள். நண்பர் மலைப்பக்கமாக ஒடித்து, மண்மேட்டில் முட்டி நிறுத்தினார். வலப்பக்கம் பள்ளம். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

பிறகுதான் மேல்மூடியைத் திறந்தோம். சில போல்ட்டுகள், கால் மணி நேர வேலை. இரண்டாவது கியரின் கவ்வுபற்கள் தேய்ந்து சரிவாகி இருந்தன. அத்தகைய பல், பாரம் வந்ததும் தன் இணையை வெளியே தள்ளிவிடும். பாரமில்லாமல் கையால் சுழற்றிப் பார்த்தவனுக்கு இது எப்படித் தெரியும்? விற்றவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கடையிலேயே மூடியைத் திறக்கக் கேட்டிருந்தால் அவர் மறுத்திருக்கமாட்டார்.

அடுத்த பெட்டியைத் திறந்து, பற்களையும் பித்தளை வளையங்களையும் பார்த்து வாங்கினோம். பேரிங்குகளையும் ஆயில் சீலையும் புதிதாகப் போட்டோம். இந்தப் பெட்டியும் டிரான்ஸ்ஃபர் கேஸும் முதுகோடு முதுகு ஒட்டியவை; நடுவில் கசிந்தால் ஒன்றின் ஆயில் மற்றொன்றில் சேர்ந்து, ஒன்று வறண்டும் ஒன்று வழிந்தும் கிடக்கும். நண்பர் இப்போது ஞாயிறுதோறும் வண்டிக்கடியில் படுத்து இரண்டின் பிளக்கையும் கழற்றுகிறார். ஆயில் மட்டம் பார்க்க அளவுகோல் கிடையாது. விரலை விட்டுத்தான் பார்க்க வேண்டும்.