ஒரு உழவு மழையை வெட்டினோம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புரட்டாசி இரவு. மாவட்டப் பதிப்புக்குப் பக்கம் முடிக்கும் நேரம். கரிசல் காட்டுப் பக்கத்துப் பகுதி நிருபர் போனில் செய்தி சொன்னார். "நல்ல மழைண்ணே. ஒரு உழவு மழை. ஊரே வெளிய வந்து நிக்குது. விடிஞ்சா டிராக்டர் கெடைக்காது பாருங்க." கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்தேன். மறுநாள் அச்சில் வந்த தலைப்பு: "வெளுத்து வாங்கிய மழை: பொதுமக்கள் அவதி".

காலையில் அந்த ஊரிலிருந்து ஒரு பெரியவர் அலுவலகத்துக்கு போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. "தம்பி, ரெண்டு மாசமா வானத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தோம். நேத்துதான் மண்ணு நனைஞ்சது. அவதின்னு போட்டிருக்கீகளே, யாருக்கு அவதி?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு உழவு மழை என்றால் ஏர் இறங்கும் அளவுக்கு மண்ணில் ஈரம் பிடித்துவிட்டது என்று பொருள். பெய்த அளவு அதில் இருக்கிறது. விடிந்ததும் என்ன வேலை என்பதும் இருக்கிறது. அந்த ஊர் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கும் என்பதுகூட இருக்கிறது. அத்தனையையும் ஒரே வெட்டில் எடுத்தேன். மழை என்ற சொல்லைக் கேட்டதும் கை 'வெளுத்து வாங்கியது' என்று அடித்தது. அதன் வால் பிடித்து 'அவதி' வந்தது. நான் எதையும் யோசிக்கவில்லை. குற்றமே அதுதான்.

இது ஒருவன் கைத்தவறு என்று கடந்துபோக எனக்கு மனமில்லை. எழுத்தை வைத்துச் சம்பளம் வாங்கும் எல்லோரும், நாளிதழ்க்காரர்கள், வார இதழ்க்காரர்கள், தொலைக்காட்சியில் கீழே ஓடும் வரியை எழுதுகிறவர்கள், சேர்ந்து செய்ததுதான் இது. தேய்ந்த சொற்களைக் கேட்டுக் கேட்டு வாசகர்கள் சலித்துப்போயிருக்கிறார்கள். அந்தச் சலிப்பை அவர்களுக்கு ஊட்டியவர்கள் நாங்கள்.

மழையையே இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். வானிலை ஆய்வு மையம் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை என்கிறது. 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. மூன்று அளவு, மூன்று சொல். அந்த அறிக்கை எங்கள் மேசைக்கு வந்ததும் மூன்றும் ஒன்றாகிவிடும். நான்கு சென்டிமீட்டர் பெய்தாலும் 'கொட்டித் தீர்த்தது'. தெருமுனையில் தண்ணீர் நின்றாலும் 'இயல்பு வாழ்க்கை முடங்கியது'. 2015 டிசம்பர் முதல் நாள் காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது. சென்னை மூழ்கியது. அன்று எழுத உட்கார்ந்தபோது எங்கள் கையில் இருந்தவை அதே கொட்டித் தீர்த்ததும் வெளுத்து வாங்கியதும்தான். பெரிய சொற்களையெல்லாம் சின்ன மழைகளுக்கே செலவழித்திருந்தோம். ஒவ்வொரு தூறலுக்கும் நாங்கள் போட்ட கூச்சலைக் கேட்டுப் பழகியவர்கள், உண்மையான எச்சரிக்கை வரும்போது எதை நம்பி வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையை எழுதியதில் பொருளில்லை.

குளத்தில் மூழ்கி ஒரு சிறுவன் இறந்துபோன செய்தி வந்தது. அவன் கரையில் கழற்றி மடித்து வைத்துவிட்டு இறங்கிய சட்டையை யாரும் தொடவில்லை, பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தது என்று நிருபர் எழுதியிருந்தார். இடம் பற்றவில்லை என்று அந்த வரியை எடுத்தேன். 'இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் சோகத்தை ஏற்படுத்தியுள்ளது' என்ற வரியை மட்டும் விட்டேன். பிறகு ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். ஏழெட்டுச் சொல்தான் கூடுதல். இடம் பற்றாதது காரணமே அல்ல. 'பெரும் சோகம்' என்ற வரி ஆயிரம் முறை அச்சில் வந்தது, யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். சட்டை வரி புதிது. புதிய வரியைப் படித்துப் பார்த்து, சரிதானா என்று யோசிக்க வேண்டும். அந்த வேலையைத்தான் தட்டிக்கழித்தேன்.

'சம்பவம்' என்ற சொல்லுக்கு நாங்கள் செய்ததைப் பாருங்கள். குற்றச் செய்திகளில் 'சம்பவ இடத்துக்கு விரைந்தனர்' என்று எழுதி எழுதி அதை உயிரற்ற சொல்லாக்கி வைத்திருந்தோம். ரவுடிகள் பேச்சில் ஆளை வெட்டுவதற்குச் 'சம்பவம்' என்று பேர். சினிமா அதை எடுத்துக்கொண்டது. சினிமாவிலிருந்து நாங்கள் எடுத்தோம். இப்போது ஒரு மட்டையாளர் சிக்ஸர் அடித்தால் சம்பவம், ஒரு தலைவர் பதிலடி கொடுத்தால் சம்பவம். அதே பக்கத்தின் அடியில் ஒரு கொலைச் செய்தி, அதற்கும் சம்பவம். மகனைப் பறிகொடுத்த வீட்டில் அந்தப் பக்கத்தைப் பிரித்தால் எப்படி இருக்கும் என்று எங்கள் கூட்டங்களில் ஒருமுறைகூட பேசியதில்லை.

பிள்ளைகள்மேல் பழி போடுவது எங்களுக்கு எளிது. 'வேற லெவல்', 'மாஸ்', 'செம' என்று பேசிப் பேசித் தமிழைக் கெடுக்கிறார்கள் என்று ஆண்டுக்கு இரண்டு கட்டுரை போடுவோம். நியாயமே இல்லை. மிகுதியைச் சொல்லத் தனிச் சொல் தேடுவது இந்தத் தலைமுறை தொடங்கிவைத்த பழக்கமல்ல. தொல்காப்பியம் உறு, தவ, நனி என்ற மூன்றைச் சொல்கிறது. நன்னூல் சால, கூர், கழி ஆகியவற்றையும் சேர்த்து ஆறாக்குகிறது. அவை பேச்சிலிருந்து போன இடத்தில் வேறு வந்தன. 'கெத்து' தமிழ்ச் சொல்தானா என்று 2016இல், அதைப் பெயராகக் கொண்ட ஒரு திரைப்படத்தின் வரிவிலக்குக்காக, உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. தெருவில் பிறந்த சொல்லுக்கு உயிர் உண்டு. முதன்முதலில் 'வேற லெவல்' என்று சொன்ன பையன் எதையோ பார்த்து அசந்துபோய்த்தான் சொல்லியிருப்பான். அதைப் பிடுங்கி வந்து, பார்க்காத படத்துக்கும் குடிக்காத தேநீருக்கும் தலைப்பாகப் போட்டுச் சக்கையாக்கியது நாங்கள்.

என் வீட்டிலும் அதன் விளைவைப் பார்த்தேன். அம்மா புதிதாக ஒரு புளிக்குழம்பு வைத்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று பேரனைக் கேட்டாள். "வேற லெவல், பாட்டி" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அவள் முகம் தெளியவில்லை. "புளிப்புத் தூக்கலா இருக்காப்பா? உப்பு மட்டா இருக்கா? வெந்தயம் கசக்குதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் விழித்தான். நாக்குக்குத் தெரிந்திருக்கும். சொல்லத்தான் அவனிடம் ஒன்றுமில்லை. 'தூக்கல்', 'மட்டு' என்ற சொற்கள் அவன் படிக்கும் எதிலும் இல்லை. நாங்கள் எழுதும் சமையல் பக்கத்தில் எல்லாமே 'சுவையான', 'சூப்பரான'தானே!

மனதை இன்னும் அதிகம் உறுத்துவது வேறு. தெருப்பேச்சைத் தலைப்புக்கு ஏற்றிய அதே கையால்தான் வட்டாரச் சொற்களைக் 'கொச்சை' என்று வெட்டினோம். எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். பின்னால் பெரிய நிறுவனம் எதுவும் இல்லாமல், நண்பர்கள் துணையோடு சேகரித்தார். எங்களுக்கோ தாலுகாவுக்கு ஒரு நிருபர். விவசாயியிடமும் மீனவரிடமும் நெசவாளரிடமும் தினமும் பேசுகிறவர்கள். எத்தனை சொற்கள் அவர்கள் வழியாக எங்கள் மேசைக்கு வந்தன! ஒன்றையாவது குறித்து வைத்தோமா? 'வாசகருக்குப் புரியாது' என்று சிவப்பு மையால் அடித்தோம். புரியாவிட்டால் பக்கத்தில் இரண்டு சொல்லில் விளக்கம் தந்திருக்கலாம். அதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைக் கொடுக்கவில்லை.

மெல்ல மெல்ல நிருபர்களும் பழகிக்கொண்டார்கள். இப்போது அவர்களே 'வெளுத்து வாங்கியது' என்றுதான் எழுதி அனுப்புகிறார்கள். வெட்ட வேலையில்லை. அந்தக் கரிசல் நிருபரும் அப்படித்தான். அவரிடமிருந்து அதன்பின் ஓர் உழவு மழையும் வரவில்லை.

வாசகர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறோம். நாங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, இது எங்கள் ஊரில் நடந்ததுபோல் இல்லையே என்று தோன்றினால் சும்மா இருந்துவிடாதீர்கள். அந்தப் பெரியவரைப் போல போன் செய்து கேளுங்கள். உங்கள் ஊர் மழையை, மீனை, சாவை, திருவிழாவை உங்கள் வாய்ச்சொல்லிலேயே எழுதி அனுப்புங்கள். இனி அந்தச் சொல்லை வெட்டமாட்டோம்.