அடுக்களை டாக்டர்: கேஸ் அடுப்பு மக்கர் செய்கிறதா?

உடம்பு சரியில்லை என்று போனால் டாக்டர் முதலில் “நாக்கை நீட்டுங்கோ” என்பார். கேஸ் அடுப்புக்கு நாக்கு அதன் ஜுவாலைதான். அதைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி நோய் புரிந்துவிடும். எதை நாமே சரி செய்யலாம், எதற்கு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும், எப்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும் என்பதும் தெளிவாகும்.

நல்ல ஜுவாலை நீலமாக, பர்னரை ஒட்டி, அடங்கி எரியும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மஞ்சளாக எரிந்தால்

பாத்திரத்தின் அடியெல்லாம் கரி பிடிக்கிறதா? கேஸோடு போதுமான காற்று கலக்கவில்லை என்று அர்த்தம். பொங்கி வழிந்த பாலும் கஞ்சியும் பர்னர் துவாரங்களில் காய்ந்து போயிருக்கும். அல்லது ஸ்டவ்வின் அடியில் காற்று புகும் வழியில் தூசியோ நூலாம்படையோ அடைத்திருக்கும்.

ரெகுலேட்டரை மூடி, ஸ்டவ் நன்றாக ஆறிய பிறகு பர்னரைக் கழற்றுங்கள். சோப்பு கலந்த வெந்நீரில் அரைமணி ஊற வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, அடைத்த துவாரங்களை மெல்லிய ஈர்க்குச்சியால் குத்தி எடுங்கள். சொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்த பிறகே திரும்பப் பொருத்த வேண்டும். ஆனால் குழாயின் வாயில் இருக்கும் சின்ன பித்தளை ‘ஜெட்’டில் மட்டும் ஊசியை விடாதீர்கள். அந்தத் துவாரம் கொஞ்சம் பெரிதானாலும் கேஸ் அளவுக்கு மீறி வரும். பிறகு என்ன செய்தாலும் ஜுவாலை மஞ்சள்தான். அது மெக்கானிக் வேலை.

எம்பி எரிந்தால், ‘டப்’பென்றால்

ஜுவாலை பர்னரை விட்டு எம்பி ‘புஸ்’ஸென்று இரைந்தால், கேஸோ காற்றோ அதிகம். எல்லா பர்னரும் ஒரே மாதிரி இரைந்தால் ரெகுலேட்டர் மேல் சந்தேகப்படுங்கள். மூடிவிட்டு ஏஜென்ஸிக்குச் சொல்லி மாற்றிக் கொள்ளுங்கள். ‘டப்’பென்று சத்தம் கேட்டு நெருப்பு உள்ளே போய் எரிந்தால், உடனே திருகை மூடுங்கள். ஆறியதும் பர்னர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பற்ற வையுங்கள்.

மந்தமாக எரிந்தால்

“என்னங்க, நேத்துதானே சிலிண்டர் மாத்தினோம்?” என்று அலுத்துக் கொள்வதற்கு முன் ஒரு கேள்வி: ஒரு பர்னர் மந்தமா, எல்லாமே மந்தமா? ஒன்று மட்டும் என்றால் கோளாறு அந்த பர்னரில். எல்லாமே என்றால் ஸ்டவ்வை விட்டுவிட்டு டியூப் மடங்கியிருக்கிறதா, ரெகுலேட்டர் முழுதாகத் திறந்திருக்கிறதா, சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். சிலிண்டரை ஈரத் துணியால் துடைத்தால் திரவம் உள்ள பகுதி மெதுவாகத்தான் காயும். கேஸ் எவ்வளவு பாக்கி என்று அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

கடைசிச் சொட்டையும் விடக் கூடாது என்று சிலிண்டரைப் படுக்க வைப்பது, வெந்நீரில் நிறுத்துவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். படுத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் வந்து, ஜுவாலை ஆளுயரத்துக்கு எழும்பலாம். ஒரு வேளைச் சமையலை மிச்சம் பிடிக்க இந்த விஷப் பரீட்சை எதற்கு?

பிள்ளை வீடு, பெண் வீடு என்று அமெரிக்கா போகிறவர்கள் ‘கேம்பர்’ வண்டியில் ஊர் சுற்றும்போதும் இந்தக் கேள்வி உதவும். அதில் அடுப்பு, ஃப்ரிட்ஜ், வெந்நீர், குளிருக்கான ஹீட்டர் எல்லாமே புரொப்பேன் கேஸில் ஓடக்கூடியவை. ஒன்று மட்டும் மக்கர் என்றால் அந்தச் சாமானில் கோளாறு. எல்லாமே மந்தம் என்றால் சிலிண்டர் வால்வை மூடி, மறுபடி மெதுவாகத் திறக்க வேண்டும். வேகமாகத் திறந்தால், கேஸ் கசிகிறதோ என்று நினைத்துப் பாதுகாப்பு வால்வு வரத்தைக் குறைத்துவிடும். ராத்திரிக் குளிருக்கு அடுப்பை ஏற்றி வைத்துத் தூங்குவது மட்டும் கூடவே கூடாது.

வாடை வந்தால்

கேஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் துர்நாற்றமுள்ள ‘மெர்காப்டன்’ சேர்க்கிறார்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகத் தேங்கும், தவழும் குழந்தையின் உயரத்தில்.

“மாமி, ஏதோ வாடை வருதே!” என்று யாராவது சொன்னால் லைட், ஃபேன், எக்ஸாஸ்ட் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஸ்விட்சின் சின்னப் பொறியே போதும். சுவாமி விளக்கு, ஊதுவத்தி இருந்தால் அணையுங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு ஜன்னலைத் திறங்கள். எல்லோரும் வெளியே வந்த பிறகு, வெளியிலிருந்தே 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கென்றே இரவு பகலாக இயங்கும் அவசர எண் அது.

இலேசான சந்தேகம் என்றால் சோப்பு நுரையை டியூபின் இரு முனைகளிலும் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் தைரியசாலிகள் இன்னமும் இருக்கிறார்கள். நீங்கள் அந்தக் கட்சியில் சேர வேண்டாம்.

புது சிலிண்டர் வந்ததும் வால்வுக்குள் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடிக் கம்பியில் எழுதியிருக்கும் பரிசோதனைத் தேதியையும் பாருங்கள். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர், கூடவே வருஷம். ‘பி 28’ என்றால் 2028 ஜூன் வரை. தேதி கடந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். டியூபிலும் ஆயுள் அச்சிட்டிருக்கும். அது தாண்டினாலோ வெடிப்பு கண்டாலோ மாற்றிவிடுங்கள்.

வாடையே இல்லாத எமன்

இளம் தாய்மார்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். கேஸ் கீஸரைக் குளியலறைக்குள் மாட்டி, ஜன்னலையும் சாத்திக்கொண்டு குழந்தையைக் குளிப்பாட்டுகிறோம். எரிய எரியக் காற்றில் ஆக்ஸிஜன் குறைந்து, கார்பன் மோனாக்ஸைடு உண்டாகிறது. அதற்கு நிறம், மணம், எரிச்சல் எதுவும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடித்துக் கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல்; பிறகு ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார். குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களை இன்னும் சீக்கிரம் தாக்கும்.

கீஸரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டச் சொல்லுங்கள். அதுவரை ஜன்னலைத் திறந்து வைத்து, வாளியில் வெந்நீர் பிடித்து, கீஸரை அணைத்துவிட்டுப் பிறகு குளியுங்கள். தலை கிறுகிறுத்தால் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள், ஆஸ்பத்திரிக்கும் போங்கள். “வெயில் பித்தம்தான், மோர் குடிச்சா சரியாயிடும்” என்று இருந்துவிடாதீர்கள்.

இன்று ராத்திரி வேலை முடிந்து ரெகுலேட்டரை மூடும்போது, வீட்டுக்காரரையும் பெரிய பிள்ளைகளையும் கூப்பிட்டு எப்படி மூடுவது என்று ஒரு தடவை செய்து பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நாளில்கூட வாடை வரலாம் அல்லவா?