மின்சாரக் கணக்கு வீட்டுக்கு உரியது

பால் கணக்கையும் மளிகைக் கணக்கையும் பைசா பிசகாமல் எழுதிவைக்கிற குடும்பத் தலைவர்களும் தலைவிகளும்கூட, தங்கள் வீட்டுக் கம்பிகளின் வழியே எத்தனை ஆம்பியர் பாய்கிறது என்று கேட்டால், அது எலக்ட்ரீஷியனுக்குத் தெரிய வேண்டிய விஷயம் என்று ஒதுங்கிக்கொள்வதை எங்கும் காண்கிறோம். இந்த ஒதுக்கம் கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம். இதற்கு வேண்டிய கணிதமோ மிகச் சொற்பம்: வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை ஓம் அளவில் கிடைக்கும், வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் மின்திறன் வாட் அளவில் கிடைக்கும்.

இந்த வகுத்தலை உலகுக்கு அளித்த ஜார்ஜ் சைமன் ஓம், ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பூட்டுத் தொழில் செய்து வந்த ஒருவரின் மைந்தர். கொலோன் நகரப் பள்ளியில் கணிதமும் பௌதிகமும் போதித்த ஆசிரியர். அக்காலத்து மின்கலங்களின் அழுத்தம் நிலைத்து நில்லாமல் பரிசோதனையைக் கெடுத்தபடியால், செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து, அந்த உஷ்ண வித்தியாசத்தில் பிறந்த நிலையான அழுத்தத்தைக் கொண்டு வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளில் மின்னோட்டத்தை அளந்து தெளிந்த அவருடைய சித்தாந்தம், 1827இல் நூலாக வெளிவந்தபோது சொந்த நாட்டிலேயே உரிய ஆதரவைப் பெறவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841இல்தான் காப்லி பதக்கம் அளித்து அவரைக் கௌரவித்தது. கம்பியில் எழும் உஷ்ணம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று ஜூல் என்ற ஆங்கிலேயர் எழுதிய ஆய்வும் அதே ஆண்டில் வெளியாயிற்று.

நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். 1500 வாட் என்று குறித்த ஒரு வாட்டர் ஹீட்டரை எடுத்துக்கொண்டால், 1500ஐ 230ஆல் வகுக்க ஏறக்குறைய ஆறரை ஆம்பியர் வருகிறது; 230ஐ அந்த ஆறரையால் வகுக்க அதன் மின்தடை சுமார் 35 ஓம் என்று தெரிகிறது. சிறிய பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கு மட்டுமே ஏற்பட்டது. ஆகவே இந்த ஹீட்டர் 16 ஆம்பியர் பவர் பாயிண்டுக்கு உரியதென்று அந்த ஒரு வகுத்தலே சொல்லிவிடுகிறது. அப்படியிருந்தும், இடைச் செருகல் ஒன்றை மாட்டிச் சிறிய பாயிண்டிலேயே அதைச் செருகுகிற வழக்கம் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. தளர்ந்த பிளக் முனையில் 0.2 ஓம் தடை இருந்தாலும் போதும், ஆறரை ஆம்பியர் பாயும்போது அந்தச் சிறு இடத்தில் எட்டு வாட்டுக்கு மேல் உஷ்ணம் உண்டாகும். 3000 வாட் சாதனமானால் மின்னோட்டம் இரட்டித்து உஷ்ணம் நான்கு மடங்காகி 34 வாட்டை நெருங்கும். பிளாஸ்டிக் இளகிக் கருகும் நாற்றத்திற்குக் காரணம் இதுவே.

அழுத்தம் 180 வோல்ட்டாகக் குறையும்போது அதே ஹீட்டர் சுமார் 920 வாட் மட்டுமே தரும். நீர் காயத் தாமதிப்பது ஹீட்டரின் குற்றமன்று. கிணற்று மோட்டாரின் இயல்போ இதற்கு நேர்மாறு. சுமை குறையாத நிலையில் அழுத்தம் தாழ்ந்தால் அது அதிக மின்னோட்டத்தை இழுத்து, காயில் எரிந்துபோகும் என்பதை நம் விவசாயிகள் நஷ்டப்பட்டே அறிந்திருக்கிறார்கள். ஓமின் விதியை மோட்டாருக்கு அப்படியே பிரயோகிக்கலாகாது என்பதையும் சேர்த்தே நாம் கற்க வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது உயிரைப் பற்றிய கணக்கு. ஈரமான மனித உடலின் மின்தடை ஏறத்தாழ 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடக்கூடும். 230ஐ 1000ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். அந்த மின்னோட்டம் இதயத்தை நிறுத்தப் போதுமானது. ஆனால் 6 ஆம்பியர் ஃபியூஸுக்கோ அது ஒரு பொருட்டே அன்று, ஃபியூஸ் எரியாமல் அப்படியே இருக்கும். ஃபியூஸ் கம்பியைக் காக்கும், மனிதனைக் காக்காது. மனிதனைக் காப்பதற்கு 0.03 ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. என்ற சாதனம் இருக்கிறது. அதை ஆடம்பரம் என்று தள்ளிவைத்துவிட்டு, அடிக்கடி போகிற ஃபியூஸுக்குத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிற வீடுகளை நினைக்கும்போது மனம் பதறுகிறது.

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் ஓம் விதி இருக்கிறது. மாணவர்கள் சூத்திரத்தை நெட்டுருப் போட்டு மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். அவர்கள் தங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, ஹீட்டர் ஆகியவற்றின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் அளவுகளை எழுதிவந்து வகுப்பறையில் ஆம்பியராக மாற்றிப் பார்க்கும்படி ஆசிரியப் பெருமக்கள் செய்வார்களானால், அந்தச் சூத்திரம் பரீட்சையோடு மறைந்துபோகாது. பள்ளியை விட்டு வெகுநாள் ஆன வாசகர்களும் இன்றே தங்கள் ஹீட்டரின் வாட் அளவைப் படித்து 230ஆல் வகுத்துப் பார்க்கட்டும். விடை ஆறுக்கு மேல் வந்து, அது சிறிய பிளக் பாயிண்டில் செருகப்பட்டிருக்குமானால், உடனே சுவிட்சை அணைத்துக் கழற்றி, பவர் பாயிண்டுக்கு மாற்றிவிட வேண்டுகிறேன்.