ஆராய்ச்சிக்கூடத்தின் கதவு யாருக்கு?

தோழர்களே! கொட்டாம்பட்டி வயலிலே, உச்சி வெயிலிலே, உழைத்து நிற்கும் ஒரு தோழனை எண்ணிப் பாருங்கள். சர்க்கரை வியாதி இல்லை. இரத்தக் கொதிப்பு இல்லை. ஆயினும் ஒருநாள் கால் வீங்குகிறது. "சிறுநீரகம் பழுது" என்கிறார் மருத்துவர். காரணம் கேட்டால் கையை விரிக்கிறார்!

கற்பனை என்று ஒதுக்காதீர். தமிழகத்து விவசாயத் தொழிலாளர் 3,000-க்கும் மேற்பட்டோரைச் சோதித்த சென்னை மருத்துவக் கல்லூரியின் ஆய்வு 2025-இல் வெளிவந்தது. நூற்றுக்கு ஐவருக்குச் சிறுநீரக நோய். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் காரணம் விளங்கவில்லை. ஆந்திரத்து உத்தானத்திலே, இலங்கையின் வடமத்திய மாகாணத்திலே, நிகரகுவாவின் கரும்புத் தோட்டத்திலே இதே கொடுமை! வெயிலா, தண்ணீரா, பூச்சிமருந்தா என்று வழக்கு நடக்கிறது, தீர்ப்பு வரவில்லை.

தீர்ப்பைத் தேடித் தரப்போவது யார்? மாணவர்! சிரிக்காதீர்கள். டயாலிசிஸ் இயந்திரத்திலே இரத்தம் உறையாமல் ஓடச் செய்யும் மருந்து ஹெப்பாரின். அதற்கு வழி திறந்த ஆய்வை 1916-இல் அமெரிக்காவிலே வெளியிட்டவர் ஜே மெக்லீன். அந்த ஆய்வைச் செய்தபோது அவர் ஒரு மருத்துவ மாணவர். உடல் உழைத்துக் காசு சேர்த்துப் படிக்க வந்தவர்!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979-இல் மருத்துவ மாணவருக்கென இரண்டு மாத ஆய்வுத் திட்டம் தொடங்கியது. நல்ல திட்டந்தான். ஆனால் தில்லி தேர்ந்தெடுக்கும் சிலருக்கே அந்த வாய்ப்பு. 2020-இல் சட்டமான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டால் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தனர். கல்லூரிக் கதவு திறந்தது; ஆராய்ச்சிக்கூடத்தின் கதவும் திறக்க வேண்டாமா?

1954-இல் எழுந்த மதுரை மருத்துவக் கல்லூரியிலிருந்தே தொடங்கட்டும். கோடை விடுமுறையிலே மாணவர் மேலூர் வட்டத்து ஊர்களுக்கு வரட்டும். இரத்தத்தில் கிரியேட்டினின் எவ்வளவு, சிறுநீரில் புரதம் எவ்வளவு என்று அளக்கட்டும். கிணற்று நீரைச் சோதிக்கட்டும். அறிவியல் பட்ட வகுப்பு மாணவரையும் சேர்த்துக்கொள்ளட்டும். அந்த மாதங்களுக்கு மாநில அரசே உதவித்தொகை தரட்டும்! விடுமுறையிலே கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற வீட்டுப் பிள்ளைக்கு, உதவித்தொகையில்லாத ஆராய்ச்சி எட்டாக்கனியே.

களத்துமேட்டின் நோயைக் களத்துமேட்டுப் பிள்ளை ஆராயட்டும். வெயிலின் சூட்டைத் தகப்பன் முதுகிலே கண்டவன், கேட்க வேண்டிய கேள்வியை அறிவான். திறக்கட்டும் கதவு!